ஆரஞ்சுச் சட்டைக்காரர்கள் (1994–2013)

எவுஸ்கால்டெல்-எவுஸ்காடி என்ற சைக்கிள் பந்தய அணி 2013ஆம் ஆண்டோடு மறைந்தது. இருபது பருவங்கள் சாலையில் இருந்தது. டூர் டி பிரான்ஸை ஒரு முறைகூட வென்றதில்லை. மூன்று வாரம் நடக்கும் மற்ற இரு பெரும் பந்தயங்களான இத்தாலியின் ஜீரோவையும் ஸ்பெயினின் வுவெல்ட்டாவையும் வென்றதில்லை. சமதரையில் திணறுவார்கள். பக்கக்காற்று அடித்தால் பின்தங்குவார்கள். கூட்டம் சரிந்தால், விழுந்தவர்களில் ஓர் ஆரஞ்சுச் சட்டையாவது கிடக்கும். மலை வந்துவிட்டால் மட்டும் அந்தச் சட்டைகள் முன்னால் வரும். சாலையின் இருபுறமும் அதே நிறத்தில் நின்ற ஜனம் தொண்டை கிழியக் கத்தும். தொலைக்காட்சியில் ஒரு முறையாவது அந்தக் காட்சியைப் பார்த்தவர்கள் அதை மறக்க மாட்டார்கள். நான் மறக்கவில்லை.

ஓடத் திராணியில்லாமல் செத்த அணி இல்லை இது. தன் கடைசிப் பெரும் பந்தயமான 2013 வுவெல்ட்டாவில் அணிகளுக்கான பரிசை வென்றது இதுதான். ஒவ்வொரு நாளும் அணியின் முதல் மூன்று பேருடைய நேரத்தைக் கூட்டி, மூன்று வார முடிவில் எந்த அணியின் மொத்த நேரம் குறைவோ அதற்குத் தரும் பரிசு அது. செப்டம்பர் 15ஆம் தேதி மாட்ரிட்டில் மேடையேறியபோது, அடுத்த ஆண்டு தங்கள் அணி இருக்குமா என்று அந்த வீரர்களில் ஒருவருக்கும் தெரியாது. எட்டு நாள் கழித்துத் தெரிந்தது: இருக்காது.

இந்த அணியின் மண் பாஸ்க் நாடு; அது ஸ்பெயினின் வட ஓரத்தில் கடலுக்கும் மலைக்கும் நடுவே கிடக்கிறது. ஒரு பகுதி எல்லை தாண்டிப் பிரான்ஸிலும் இருக்கிறது. பாஸ்க் மக்கள் பேசும் எவுஸ்கராவுக்கு அக்கம்பக்கத்து மொழி எதனோடும் உறவில்லை. சர்வாதிகாரி பிராங்கோவின் ஆட்சியில் அந்த மொழியைப் பள்ளிக்கூட வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். சிவப்பு, வெள்ளை, பச்சையிலான கொடியும் தடை செய்யப்பட்டு, 1977இல்தான் மீண்டும் சட்டப்படி பறந்தது. இந்த மண்ணில் சைக்கிள் பந்தயம் வேர்பிடித்ததற்கு மலைச்சாலைகள் ஒரு காரணம். பட்டறைகள் இன்னொரு காரணம். எய்பார் என்ற சிறு தொழில் நகரத்தில் துப்பாக்கி செய்துகொண்டிருந்த குடும்பங்கள், சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் சைக்கிள் செய்யத் திரும்பின. ஓர்பேயா அப்படித் திரும்பிய நிறுவனங்களில் ஒன்று; பிறகு அது தொழிலாளர் கூட்டுறவாகவே மாறியது. எவுஸ்கால்டெல் அணி ஓட்டியது அந்தக் கூட்டுறவின் சைக்கிள்களைத்தான். பாஸ்க் நாட்டைச் சுற்றும் இட்சூலியா பந்தயம் 1924இல் தொடங்கியது. பெரிய நாடுகள் பலவற்றுக்கு அப்போது அப்படியொரு பந்தயம் கிடையாது.

மிகேல் மதரியாகா என்பவர் முன்நின்று 1993இல் ஓர் அறக்கட்டளையைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு அணி சாலைக்கு வந்தது. தொழில்முறை சைக்கிளில் அதுவரை அதிகம் கேள்விப்படாத ஒரு ஏற்பாடு: பொதுமக்கள் உறுப்பினராகச் சேர்ந்து ஆண்டுச் சந்தா கட்டுவார்கள், அந்தப் பணமும் உள்ளூர் அரசு அமைப்புகளின் உதவியும் சேர்ந்து அணியை நடத்தும். ஓட்டுபவர்கள் பாஸ்க் மண்ணில் பிறந்தவர்களாகவோ அங்குள்ள இளையோர் அணிகளில் பழகி வளர்ந்தவர்களாகவோ இருக்க வேண்டும். இந்த இரண்டாவது வழி முக்கியமானது. அணியின் மிகப் பெரிய பெயரான சாமுவேல் சான்செஸ், அஸ்தூரியாஸின் ஒவியேதோ நகரத்துக்காரர்; பாஸ்க் அணிகளில் ஓடிக் கற்றவர் என்பதால் உள்ளே வந்தார். எல்லைக்கு அப்பாலிருந்து ரோமன் சிக்கார் வந்தார். ஆகவே இதை ரத்தச் சோதனை என்று பழிப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஊர்ச் சிறுவர்களுக்கு ஒரு கதவு திறந்திருக்க வேண்டும் என்பதே அந்த விதியின் நோக்கம். பதினைந்து வயதில் சனிக்கிழமைப் பந்தயத்துக்கு வரும் பையனுக்கு, மேலே ஏறிச் செல்ல ஒரு படி கண்ணில் பட்டது.

1997இல் பணம் வற்றியது. அப்போது கைகொடுத்தது பாஸ்க் நாட்டின் தொலைபேசி நிறுவனமான எவுஸ்கால்டெல். நிறுவனத்தின் நிறம் ஆரஞ்சு, சட்டையும் ஆரஞ்சானது. நான்கு ஆண்டு கழித்து, 2001இல், டூர் டி பிரான்ஸ் அமைப்பாளர்கள் இந்த அணிக்கு முதன்முறையாக அழைப்புச் சீட்டு கொடுத்தார்கள். அழைப்புச் சீட்டு என்று அழுத்திச் சொல்கிறேன், பின்னால் அது மறுபடி வரும்.

அந்த ஆண்டு ஜூலை 22ஆம் தேதி பந்தயம் பிரனீஸில் லூஸ் ஆர்டிடென் உச்சியில் முடிந்தது. பாஸ்க் ஊர்களிலிருந்து காரில் கிளம்பினால் சில மணி நேரத்தில் போய்ச் சேரும் தூரம். ஆயிரக்கணக்கானவர்கள் ஆரஞ்சுச் சட்டையோடும் பாஸ்க் கொடியோடும் முந்தைய நாளே வந்து மலையை நிறைத்திருந்தார்கள். அவர்கள் நடுவே தனியாளாக ஏறி வந்து வென்றவர் ராபர்ட்டோ லைசேகா. 1937இல் குண்டு வீசி எரிக்கப்பட்ட குயெர்னிகா அவருடைய ஊர். ஐந்து முறை ஆறு முறை டூரில் ஓடியும் ஒரு நாள்கூட வெல்லாத அணிகள் உண்டு. இவர்கள் வந்த முதல் ஆண்டே, தங்கள் ஜனத்தின் கண்ணெதிரே, தங்கள் மலையில் வென்றார்கள். அதன் பிறகு பிரனீஸ் என்றால் ஆரஞ்சு என்று ஆகிவிட்டது. ஒளிபரப்பு ஹெலிகாப்டர்கள் அந்தக் கூட்டத்தைத் தேடிக் காட்டின. டூர் தன்னை உலகுக்கு விற்கப் பயன்படுத்தும் படங்களில் அந்த ஜனம் நிரந்தரமாக இடம்பிடித்தது.

இரண்டு ஆண்டு கழித்து ஆல்ப்ஸில் இபான் மாயோ வந்தார். 2003 வசந்தத்தில் இட்சூலியாவை வென்றுவிட்டு, ஜூலை 13இல் ஆல்ப் டியூஸின் இருபத்தொரு வளைவுகளை ஏறி, அப்போதைய முன்னணி வீரர் ஆம்ஸ்ட்ராங்கைப் பின்னால் விட்டு ஜெயித்தார். அந்த டூரில் அணித்தோழர் ஹைமார் சுபெல்டியா ஐந்தாவது, மாயோ ஆறாவது. 2004 ஜூனில் மோன் வான்டூ மலையில் நேரக் கணக்கு ஓட்டத்தில் 55 நிமிடம் 51 விநாடியில் ஏறினார். டூரை வெல்லக்கூடியவர் என்று எல்லோரும் அவரைச் சொன்னார்கள். டூர் தொடங்கிய நான்காவது நாளே, கல் பாவிய சாலைக்கு முன்னால் நடந்த ஒரு விழுதலில் சிக்கி ஏறத்தாழ நான்கு நிமிடம் இழந்தார். பிரனீஸ் வந்தது. சாலை நெடுக ஆரஞ்சு. மாயோ சைக்கிளை விட்டு இறங்கிவிட்டார். தோழர்கள் பேசி, தட்டிக்கொடுத்து மறுபடி ஏற்றினார்கள். அன்று அவர் அரை மணி நேரத்துக்கும் மேல் பிந்தி வந்து சேர்ந்தார். தோற்றவனை விட்டு ஜனம் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை; அன்றைக்கு அவருக்கு விழுந்த சத்தம் ஜெயித்தவருக்கு விழுந்ததற்குக் குறைந்ததில்லை.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் மேலே போக முடியாது. அந்தக் காலத்துச் சைக்கிளின் ஊக்கமருந்து நோய் இந்த அணியையும் தொட்டது. இனிகோ லண்டலூசே, மிகேல் அஸ்தர்லோசா ஆகிய இருவரும் 2009இல் பிடிபட்டார்கள். அஸ்தர்லோசா அந்த ஆண்டு டூரில் வென்ற நாளின் வெற்றியும் பறிபோனது. மாயோவும் வேறு அணிக்குப் போன பிறகு 2007இல் மாட்டினார். இறந்தவரைப் பற்றி நல்லதே பேச வேண்டும் என்பதற்காக இதை மறைத்தால், மலையில் நின்று நம்பிய ஜனத்துக்குச் செய்யும் துரோகம் அது.

அணியின் வாழ்வில் மிகப் பெரிய நாள் எது என்று கேட்டால் பலர் 2008 ஆகஸ்ட் 9 என்பார்கள். அன்று பெய்ஜிங் ஒலிம்பிக்கில் சாமுவேல் சான்செஸ் சாலைப் பந்தயத்தில் தங்கம் வென்றார். 2011இல் அதே லூஸ் ஆர்டிடென் உச்சியில் வென்று, மலையரசனுக்கான புள்ளிச் சட்டையையும் பாரிஸ்வரை கொண்டுபோனவர் அவர். நான் வேறொரு நாளைச் சொல்வேன். 2011 செப்டம்பர் 9, பில்பாவோ.

அதைப் புரிந்துகொள்ள வுவெல்ட்டாவின் கதை கொஞ்சம் தெரிய வேண்டும். பெரும்பாலும் மாட்ரிட்டில் முடிகிற அந்தப் பந்தயத்தை 1955 முதல் 1978 வரை நடத்தியது பில்பாவோ நகரத்தின் ஒரு செய்தித்தாள். 1978இல் சான் செபாஸ்டியனில் நடந்த கடைசி நாள் அரசியல் போராட்டத்தில் குலைந்தது. செய்தித்தாள் பந்தயத்தைக் கைவிட்டது. யூனிபப்ளிக் என்ற நிறுவனம் எடுத்துக்கொண்டது. அதோடு வுவெல்ட்டா பாஸ்க் மண்ணை விட்டே போய்விட்டது. ஸ்பெயினில் சைக்கிளை மிக அதிகமாக நேசிக்கும் ஜனத்துக்கு முப்பத்து மூன்று ஆண்டுகள் அந்தப் பந்தயம் வரவில்லை. 2011இல் திரும்பி வந்தபோது கலவரம் நடக்கும் என்று பயந்தார்கள். பில்பாவோ தெருக்கள் நிரம்பி வழிந்தன. வென்றவர் இகோர் அன்டோன்; பக்கத்து ஊரான கல்தகாவோக்காரர். முந்தைய ஆண்டு வுவெல்ட்டாவில் தலைவருக்கான சிவப்புச் சட்டையை அணிந்திருந்தபோது விழுந்து, பந்தயத்தை விட்டே போனவர். அன்று மாலை ஊரின் பந்தயமும் ஊரின் அணியும் ஊரின் பையனும் ஒரே தெருவில் சந்தித்தார்கள். ஒரு விளையாட்டு ஒரு ஜனத்துக்கு இதைவிடப் பெரிதாக எதைக் கொடுத்துவிட முடியும்?

இரண்டே ஆண்டில் அந்த அணி செத்தது.

ஏன் என்பதற்கு, அதே பில்பாவோவின் கால்பந்துக் கிளப்பைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான் நேரான வழி. அத்லெட்டிக் கிளப்பும் பாஸ்க் மண்ணின் ஆட்டக்காரர்களை மட்டும் வைத்தே ஆடுகிறது. நூறாண்டு தாண்டிய வழக்கம் அது. ஸ்பெயினின் முதல் தரக் கால்பந்து லீக்கிலிருந்து அது ஒருபோதும் இறங்கியதில்லை. 2013 செப்டம்பர் 16இல் அதன் புதிய சான் மாமேஸ் மைதானத்தில் முதல் ஆட்டம் நடந்தது. ஆரஞ்சு அணி கடைசி மூச்சை இழுத்துக்கொண்டிருந்த அதே வாரங்கள். ஊர் ஒன்று, கொள்கை ஒன்று, ரசிகர்களும் பெரும்பாலும் அதே குடும்பங்கள். கால்பந்துக் கிளப்புக்கு மைதானம் உண்டு, வாசலில் டிக்கெட் சொந்தம், ஒளிபரப்பு வருமானத்தில் பங்கு உண்டு, ஆட்டக்காரர் போனால் அவரை விற்ற பணம் வரும். சைக்கிள் அணிக்கு இந்த நான்கில் ஒன்றுமில்லை. சாலை எல்லோருக்கும் பொது. அங்கே டிக்கெட் கிடையாது. சட்டையில் பெயர் எழுதிக்கொள்ள ஒரு நிறுவனம் பணம் தரும்வரை அணி இருக்கும். நிறுத்தினால் லாரிகளும் சைக்கிள்களும் சில ஒப்பந்தக் காகிதங்களும் மிஞ்சும்.

ஐபிஎல் பார்த்துப் பழகிய நமக்கு இது விசித்திரமாகப் படலாம். அங்கே கிரிக்கெட் வாரியம் ஒளிபரப்பு உரிமையை விற்று, வந்த பணத்தில் ஒரு பங்கை அணிகளுக்குப் பிரித்துக் கொடுக்கிறது. டூர் டி பிரான்ஸோ ஒரு குடும்பத்தின் சொத்து. 1903இல் ஒரு பத்திரிகையின் விற்பனையைக் கூட்டத் தொடங்கிய பந்தயம், இன்று லெக்கிப் பத்திரிகையையும் வைத்திருக்கும் அமோரி குடும்பத்தின் ஏஎஸ்ஓ நிறுவனத்திடம் இருக்கிறது. ஒளிபரப்புப் பணம் அதற்கு. பந்தயம் தொடங்கவும் முடியவும் ஊர்கள் கட்டும் பணமும் அதற்கு. அணிகளுக்குப் பங்கேற்புத் தொகையாக ஒரு சிறு பணமும், பரிசும் வரும்; அதில் ஓர் அணியை ஒரு மாதம்கூட நடத்த முடியாது. வுவெல்ட்டாவின் பாதியளவு பங்கை 2008இலும் மீதியை 2014இலும் அதே நிறுவனம் வாங்கிக்கொண்டது. பில்பாவோ செய்தித்தாள் நடத்திய பந்தயத்தின் சாவி இப்போது பாரிஸில்.

ஏஎஸ்ஓவுக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. நூற்றாண்டுக்கும் மேலாக, இரண்டு உலகப் போர்களையும் தாண்டி, இந்தப் பந்தயங்களை உயிரோடு வைத்திருந்தது பத்திரிகைகளும் அமைப்பாளர்களும்தான். அணிகள் வரும், போகும். லாபமில்லாத பல சிறு பந்தயங்களை டூரின் பணத்தில் அது தாங்குகிறது என்பதும் உண்மை. ஆனால் அந்த ஹெலிகாப்டர் படங்களில் இருந்த ஆரஞ்சு மலைக்கு ஒரு விலை இருந்தது. அதை உண்டாக்கியவர்களுக்கு அதில் ஒரு யூரோகூட உரிமையாக வரவில்லை.

எதிர்ப்பக்கத்தில் சர்வதேச சைக்கிள் சம்மேளனம். பந்தயங்களை நடத்தும் நிறுவனங்களிடமிருந்து அதிகாரத்தைத் தன் கைக்கு மாற்ற 2005இல் அது புரோடூர் என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. உரிமம் பெற்ற அணிகள் எல்லாப் பெரிய பந்தயங்களிலும் ஓடியே ஆக வேண்டும். அமைப்பாளர்களும் அவர்களைச் சேர்த்தே ஆக வேண்டும். எவுஸ்கால்டெலுக்கு உரிமம் கிடைத்தது, ஊரில் கொண்டாடினார்கள். கூடவே சுமையும் வந்தது. ஐம்பத்தைந்து, அறுபது கிலோ எடையுள்ள மலையேறிகள் ஏப்ரலில் பாரிஸ்-ரூபேயின் கல் பாவிய சாலைகளில் எலும்பு குலுங்க ஓட வேண்டியதாயிற்று. அதைப் பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு. எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது.

அமைப்பாளர்கள் அடங்கவில்லை. 2007இல் யூனிபெட் என்ற அணி உரிமம் வைத்திருந்தும் டூரில் நுழைய முடியவில்லை. அந்த ஆண்டோடு அது மூடப்பட்டது. 2008இல் பாரிஸ்-நீஸ் பந்தயத்தையும் பிறகு டூரையும் ஏஎஸ்ஓ சம்மேளனத்தின் குடையை விட்டே வெளியே கொண்டுபோய், பிரெஞ்சுக் கூட்டமைப்பின் கீழ் நடத்தியது. ஓடினால் தண்டனை என்றது சம்மேளனம். ஓடாவிட்டால் டூர் இல்லை என்றது மறுபக்கம். அணிகள் ஓடின. கடைசியில் சமாதானம் வந்தது. அதில் அணிகளுக்கு வருமானத்தில் பங்கு என்ற பேச்சு எந்தப் பக்கத்தில் எழுதப்பட்டிருந்தது? எந்தப் பக்கத்திலும் இல்லை.

சமாதானத்துக்குப் பின் வந்த ஏற்பாடுதான் ஆரஞ்சு அணியை உள்ளிருந்து கொன்றது. அப்போதைய விதிப்படி முதல் தரத்தில் பதினெட்டு அணிகளுக்கு மட்டும் இடம். அடுத்த ஆண்டுக்கு ஒப்பந்தம் செய்திருக்கும் வீரர்களின் புள்ளிகளைக் கூட்டித் தகுதியைப் பார்ப்பார்கள். புள்ளி அணியோடு தங்காது. வீரரோடு நடந்து போகும். ஆகவே டிசம்பர் நெருங்கினால் புள்ளி வைத்திருக்கும் ஆளுக்கு விலை ஏறும். ஆசியப் பந்தயங்களில் புள்ளி குவித்திருந்த ஈரானின் மெஹ்தி சொஹ்ராபியை 2012க்காக ஒரு பிரெஞ்சு அணி எடுத்துக்கொண்டது. ஐரோப்பிய மலைகளில் அவர் என்ன செய்வார் என்பது அங்கே முதல் கேள்வியாக இல்லை.

பாஸ்க் இளைஞர்கள் தலைவனுக்காகத் தண்ணீர்ப் புட்டி சுமந்து, காற்றைத் தடுத்து, மலையடிவாரம்வரை இழுத்துக்கொண்டு வந்து விடுபவர்கள். அந்த வேலைக்குப் புள்ளி கிடையாது. அமெட்ஸ் சுர்ருகா 2007 டூரில் மிகத் தீரமாக ஓடியவர் என்ற பரிசைப் பெற்றவர். தினமும் முன்னால் பாய்ந்து, தினமும் பிடிபட்டு, மறுநாள் மறுபடி பாய்ந்தவர். புள்ளிப் பட்டியலில் அவர் பெயர் எங்கோ கீழே. 2012 முடிவில் அணியில் அவருக்கு இடமில்லை. அணி அறக்கட்டளையின் கையை விட்டு எவுஸ்கால்டெல் நிறுவனத்தின் பொறுப்புக்கு வந்தது. சுர்ருகா போன்றவர்கள் வெளியேறிய இடத்தில் கிரீஸ், ஸ்லோவேனியா, ஜெர்மனி, ரஷ்யா, போர்ச்சுகல், மொரோக்கோ என்று பல நாட்டவர் ஆரஞ்சுச் சட்டை போட்டுக்கொண்டார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை, பிழைப்புக்கு வந்தவர்கள். ஒருவர் மட்டும், ரஷ்யரான செரப்ரியாக்கோவ், மார்ச்சிலேயே ஊக்கமருந்தில் பிடிபட்டார். இருபது ஆண்டு காத்த கொள்கையை உரிமத்துக்காக விற்றார்கள். உரிமம் ஓராண்டு நீடித்தது. சந்தா கட்டியவனுக்கு எதற்காகச் சந்தா கட்டினோம் என்று தெரியாமல் போயிற்று. என் பார்வையில் இந்த அணியின் மரணத் தேதி 2012 டிசம்பர். 2013 செப்டம்பரில் நடந்தது அடக்கம்.

அடக்கமும் கௌரவமாக நடக்கவில்லை. ஸ்பெயினில் பொருளாதாரம் நொறுங்கியிருந்தது. அரசு அமைப்புகள் கையை இழுத்துக்கொண்டன. இரண்டாவது நிதியாளர் யாரும் வரவில்லை. ஆகஸ்டில் மூடப்போவதாக அறிவித்தார்கள். செப்டம்பர் தொடக்கத்தில் கார்ப் பந்தய வீரர் பெர்னாண்டோ அலோன்சோ அணியை வாங்குவதாகச் செய்தி வந்தது. சான்செஸின் ஊர்க்காரர், சைக்கிள் பிரியர். ஊர் முழுக்க நிம்மதிப் பெருமூச்சு. மூன்று வாரம் பேசினார்கள். 23ஆம் தேதி பேச்சு முறிந்தது. அலோன்சோவுக்கு வேண்டியிருந்தது முதன்மையாக உரிமம். வீரர்களும் ஊழியர்களும் அதோடு ஒட்டியிருந்த ஒப்பந்தங்கள். நாற்பது ஐம்பது பேருடைய பிழைப்பு ஒரு காகிதத்தின் பேரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது என்பதுதான் இந்த விளையாட்டின் நிலைமை.

முதல் தரப் பந்தயங்களின் அட்டவணை அந்த ஆண்டு பெய்ஜிங்கில் முடிந்தது. அந்தச் சீனப் பந்தயத்தை நடத்தியது சம்மேளனம் தானே தொடங்கிய ஒரு வணிக நிறுவனம். விதிகளை எழுதுபவரே கடையும் திறந்தார். உரிமம் பெற்ற அணிகள் அங்கே போயே ஆக வேண்டும். அடுத்த ஆண்டு நடந்த பிறகு அந்தப் பந்தயமும் இல்லாமல் போயிற்று.

வீரர்கள் சிதறினார்கள். சான்செஸுக்கு பருவம் தொடங்கிய பிறகுதான் அமெரிக்க அணி ஒன்றில் இடம் கிடைத்தது. நியேவே ஆங்கிலேய அணிக்கு, அன்டோனும் இசாகிர்ரே சகோதரர்களும் மொவிஸ்டாருக்கு, மிகேல் லண்டா கஜகஸ்தான் பணத்தில் ஓடும் அஸ்தானாவுக்கு. பெயர் பெற்றவர்கள் பிழைத்துக்கொண்டார்கள். பெயர் பெறாதவர்களில் சிலர் அத்தோடு பந்தயச் சைக்கிளை மாட்டிவைத்தார்கள். அதைவிட வருத்தம், பதினைந்து வயதுப் பையன்களுக்கு முன்னால் இருந்த அந்தப் படி உடைந்ததுதான்.

2017இல் லண்டா, வேறு அணிகளுக்கு ஓடிக்கொண்டே, அறக்கட்டளையின் தலைமையை ஏற்று அதைக் காப்பாற்றினார். 2020இல் எவுஸ்கால்டெல் பெயரும் ஆரஞ்சும் இரண்டாம் தரத்தில் திரும்பி வந்தன. இதைச் செய்தவர்களை வணங்குகிறேன். ஆனாலும் இறந்தது இறந்ததுதான். இரண்டாம் தர அணி, அழைத்தால் போகலாம், அழைக்காவிட்டால் வீட்டில் இருக்க வேண்டும். 2021இல் அந்தத் தொலைபேசி நிறுவனத்தையே மாஸ்மோவில் என்ற பெரிய நிறுவனம் வாங்கிவிட்டது.

இதற்கிடையில் மற்றவர்களும் அதே வழியில் போகிறார்கள். பிரிட்டானிப் பகுதியில் வேர்விட்டு இருபது ஆண்டுக்கு மேல் ஓடிய ஆர்க்கேயா அணி, இரு நிதியாளர்களும் விலகியதால் 2025 முடிவில் மூடப்பட்டது. பெல்ஜியத்தின் இன்டர்மார்ஷே அணி தனியாக நிற்க முடியாமல் லோட்டோ அணியோடு சேர்ந்தது. முன்வரிசையில் எமிரேட்ஸ், பஹ்ரைன் போன்ற அரசுகளின் பெயர்கள். சவூதிப் பணத்தோடு சில அணிகளும் அமைப்பாளர்களும் புதிய கூட்டுத் தொடர் ஒன்றைத் திட்டமிட்டார்கள்; ஏஎஸ்ஓ அதில் சேரவில்லை; 2025 ஜூனில் சம்மேளனம் அதை நிராகரித்தது. அந்தத் திட்டம் போனதற்கு நான் அழவில்லை. அணிகளுக்கு வருமானத்தில் நிலையான பங்கு வேண்டும் என்ற அதன் ஒரு பகுதி சரியானது. அதைச் சொல்ல எண்ணெய்ப் பணம் வர வேண்டியிருந்தது என்பது சம்மேளனத்துக்கும் ஏஎஸ்ஓவுக்கும் வெட்கம்.

2023 ஜூலை 1இல் டூர் டி பிரான்ஸ் பில்பாவோவில் தொடங்கியது. மூன்று நாள் பாஸ்க் சாலைகளில் ஓடியது. அந்தத் தொடக்கத்துக்காகப் பாஸ்க் அரசு அமைப்புகள் பொதுப் பணத்திலிருந்து பல மில்லியன் யூரோ கட்டின. ஏறிய இடமெல்லாம் ஜனம். அந்த ஆண்டு ஏஎஸ்ஓவின் கையில் இரண்டு அழைப்புச் சீட்டுகள் இருந்தன. ஒன்று நார்வே அணிக்கு, மற்றது இஸ்ரேல் அணிக்கு. எவுஸ்கால்டெல்-எவுஸ்காடிக்கு இல்லை. ஓட்டத் தரத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் அந்த முடிவில் பெரிய தவறு சொல்ல முடியாது. அவர்கள் அவ்வளவு வலுவாக இல்லை. வலுவாக இருந்தபோது அந்த அணிக்கு நடந்ததை மேலே சொல்லிவிட்டேன்.

அந்த டூரில் பத்தாம் நாள், குயெர்னிகாவைச் சேர்ந்த பெல்யோ பில்பாவோ வென்றார். இரண்டு நாள் கழித்து இயோன் இசாகிர்ரே வென்றார். இருவரும் 2013இல் ஆரஞ்சுச் சட்டையில் இருந்தவர்கள், அந்த அணி வளர்த்த பிள்ளைகள். முடிவுப் பட்டியலில் பெல்யோவின் பெயருக்கு எதிரே பஹ்ரைன் என்று இருந்தது. இசாகிர்ரேவின் பெயருக்கு எதிரே கடன் கொடுக்கும் ஒரு பிரெஞ்சு நிறுவனத்தின் பெயர்.